ரெண்டாங்கட்டுக்கு வராத வைஃபை

எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம், முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. சுவர் ஒன்றரை அடி கனம். ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த பையன் ரேழியிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டான். ரேழியில் வேகம் பறந்தது. ரெண்டாங்கட்டில் அம்மா வீடியோ கால் பேசினால் சிங்கப்பூர் தங்கச்சி முகம் அப்படியே உறைந்து நிற்கும்.

புகார் சொன்னால், "பிளானை ஏத்திக்குங்க சார்" என்றார்கள். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேரே லேன் கேபிளை (இணைய வயரை) செருகிப் பார்த்தேன். முழு வேகம் வந்தது. அப்புறம் எதற்கு ஏற்றுவது?

பிரௌசரில் 192.168.1.1 போட்டு ரவுட்டர் செட்டிங்ஸுக்குள் போனேன். (முகவரியும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டர் அடியில் ஒட்டியிருக்கும்.) 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் இருந்ததைப் பிரித்தேன். 5 வேகம்தான், ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 நிதானம், தூரம் போகும். அந்த 2.4-க்குள் இருக்கும் சேனல்களில் (தனித்தனித் தடங்கள் மாதிரி) 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. அக்கம்பக்கத்து வைஃபையெல்லாம் 6-இல் கிடந்ததால் 11-க்கு மாற்றினேன். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

உண்மையான வில்லன் ரவுட்டரை ஒட்டி நின்ற இரும்பு பீரோ! தாத்தா காலத்துப் பொருள், நகர்த்த நாலு ஆள் வேண்டும். ரவுட்டரையே நகர்த்திவிடலாம் என்றால், ஃபைபருக்குள் கண்ணாடி இழை. நாமே இழுத்து மடக்கினால் போச்சு. அந்தப் பையனையே கூப்பிட்டு, முற்றத்தைப் பார்த்த தூணில் ஆள் உயரத்துக்கு மேலே மாட்டச் சொன்னேன். முற்றத்தில் சுவர் ஏது? இப்போது அடுப்படியில் நின்றே அம்மா பேசுகிறாள்.