எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடா? இப்படிப் பாருங்கள்

பினாங்கில் தொட்டியில் எலுமிச்சையோ லீமாவ் கஸ்தூரி என்ற சிறிய எலுமிச்சை வகையோ வளர்ப்பவர்கள் முதலில் கொழுந்து இலையைத்தான் பார்க்க வேண்டும், முற்றிய இலையில் இலைத்துளைப்பான் என்ற இந்தப் பூச்சி முட்டை வைப்பது அபூர்வம். நத்தை ஊர்ந்த தடம் போல ஒரு வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து போகும், அதன் நடுவே மெல்லிய கறுப்புக் கோடாகப் புழுவின் எச்சம் கிடந்தால் அது இலைத்துளைப்பான்தான். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கோடு அகலமாக முடிகிற இடத்தில் மஞ்சள் கலந்த பச்சையில் புழு தெரியும், தெரியாவிட்டால் இலை ஓரம் மடிந்திருக்கிறதா பாருங்கள், உள்ளே கூட்டுப்புழு இருக்கும். இந்தப் புழு வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சி ரொம்பச் சின்னது. சிறகை விரித்தாலே சுமார் 4 மில்லிமீட்டர்தான், வெள்ளி நிறம், முன்சிறகு நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி, அந்தப் புள்ளிதான் முக்கிய அடையாளம். அப்புறம், தக்காளி இலையில் வரும் கோடு பெரும்பாலும் ஈயின் வேலை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.