இரண்டு வம்சாவளிக் கோப்புகளை ஒன்றாக இணைப்பது எப்படி? கிராம்ப்ஸ் மென்பொருளில் செய்முறை விளக்கம்

சித்தப்பா வீட்டில் ஒருவர் தொகுத்த வம்சாவளியும் நீங்கள் தொகுத்ததும் தனித்தனிக் கோப்புகளாக இருந்தால், அவற்றை ஒப்பிட்டு ஒன்றாக்குவதற்குக் கிராம்ப்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளே போதுமானது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் அது இலவசமாகக் கிடைக்கிறது. உறவினர் வேறு மென்பொருளைப் பயன்படுத்தியிருந்தால், ஜெட்காம் என்ற பொது வடிவத்தில் கோப்பை ஏற்றுமதி செய்து, யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள். குறியாக்கம் மாறினால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்துபோகும்.

முதல் வேலை காப்பு நகல். கிராம்ப்ஸில் 'மரம்' எனப்படும் உங்கள் வம்சாவளித் தொகுப்பைத் திறந்து, 'மேக் பேக்கப்' (Make Backup) வழியாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய வெற்று மரம் ஒன்றை உருவாக்கி, அந்த நகலையும் உறவினரின் கோப்பையும் அதில் ஒன்றன்பின் ஒன்றாக இறக்குமதி செய்யுங்கள். இணைத்த இருவரைப் பின்னாளில் பிரிப்பது மிகக் கடினம் என்பதால், அசல் மரத்தில் கை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, 'டூல்ஸ்' பட்டியிலுள்ள 'ஃபைண்ட் பாசிபிள் டூப்ளிகேட் பீப்பிள்' என்ற கருவியைத் திறந்தால், ஒரே ஆளாக இருக்கக்கூடிய இணைகளை அது வரிசைப்படுத்திக் காட்டும். சவுண்டெக்ஸ் குறியீடுகளைப் பயன்படுத்தவா என்று கேட்கும் தேர்வை நீக்கிவிடுங்கள். அது ஆங்கில எழுத்துகளின் ஒலிக்காக வகுக்கப்பட்ட முறை, தமிழ் எழுத்தில் உள்ள பெயர்களுக்குப் பயன்படாது.

கருவி காட்டும் இணைகளை அப்படியே நம்பிவிட முடியாது என்பதால், அதிக நேரம் செலவிட வேண்டிய கட்டம் இதுதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், 'முத்தையா மகன் சுப்பையா' என்ற பதிவும் 'சுப்பையா மகன் முத்தையா' என்ற பதிவும் தலைமுறைதோறும் மாறி மாறி வரும். பெயரும் தந்தை பெயரும் பொருந்தியும் இருவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பார்கள். ஜாதகத்திலிருந்து எடுத்த பிறப்பு விவரமும் ஏமாற்றக்கூடும். தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதால், 'பிரபவ வருடம் ஆடி மாதம்' என்பது 1927 ஆகவும் இருக்கலாம், 1987 ஆகவும் இருக்கலாம். எனவே மனைவி அல்லது கணவர் பெயர், உடன்பிறந்தோர், ஆங்கில ஆண்டு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் மட்டுமே ஒரே ஆள் என்று கொள்ளுங்கள். ஐயம் தீராத இணையை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள்.

ஒரே ஆள்தான் என்று உறுதியான பின், இணைப்புச் சாளரத்தில் இருவரும் அருகருகே தெரிவர். எந்தப் பெயர் முதன்மையாக நிற்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால், மற்றது மாற்றுப் பெயராகச் சேமிக்கப்படும். 'சுப்பிரமணியம்', 'சுப்ரமணியன்' என்ற இரு வடிவங்களும் இவ்வாறு அழியாமல் தங்கும். மூத்த தலைமுறையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும், பெற்றோரோ பிறப்பு நிகழ்வோ இருமுறை நிற்கிறதா என்று பார்த்து, மிகையானதை நீக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் 'வெரிஃபை தி டேட்டா' கருவியை இயக்கினால், தாய்க்கு முன்பே பிறந்த பிள்ளை போன்ற பொருந்தாத தேதிகளை அது சுட்டிக்காட்டும். முறைமாமனையோ அத்தை மகனையோ மணந்த குடும்பங்களில், ஒரே முன்னோர் இரு கிளைகளிலும் தென்படுவார். அதைப் பிழையென்று கருதி நீக்கிவிடாதீர்கள், அவருக்குப் பதிவு ஒன்றே ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள்.