குடல் பைபாஸில் காந்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடல் பருமனுக்கான குடல் பைபாஸில் (உணவு சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டிப் போகப் புது வழி அமைக்கும் ஆபரேஷன்) காந்தம் வந்துவிட்டது என்றதும், "அப்போ ஆபரேஷனே வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். முதல் தவறு அதுதான். காந்தம் வந்ததால் தேவைப்படாமல் போவது குடலை இணைக்கும் தையலும் ஸ்டேப்ளர் பின்னும்தான். 2024இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த மேக்டிஐ கருவியில், இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில் ஒரு காந்தமும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இன்னொன்றும் வைக்கப்படுகின்றன. வாய் வழியாகக் குழாய் விடும் எண்டோஸ்கோப்பியும் வேண்டும், வயிற்றில் சிறு துளைகள் போடும் லேப்ராஸ்கோப்பியும் வேண்டும். முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள்.

அடுத்து, ஆபரேஷன் அன்றே புது வழி திறந்துவிட்டதாக நினைப்பது. இரண்டு காந்தங்களும் நடுவிலுள்ள குடல் சுவர்களை விடாமல் நெரிக்கின்றன. நெரிபடும் இடத்துக்கு ரத்தம் போகாமல் அந்தத் திசு மெல்லச் செத்துப்போகும். சுற்றியுள்ள விளிம்பு ஒட்டி ஆறும். வழி திறந்து, ஜோடி காந்தம் மலத்தோடு வெளியேறச் சில வாரங்கள் ஆகும். சிகாகோவில் ஜான் மர்ஃபி 1892இலேயே குடலை இணைக்க ஓர் உலோகப் பொத்தானைப் பயன்படுத்தினார். அதுவும் இதே அழுத்தத்தை நம்பியதுதான்.

அந்தச் சில வாரங்களில்தான் மிக ஆபத்தான தவறு நடக்கக்கூடும்: எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அந்த இயந்திரமே ஒரு பெரிய காந்தம். வண்டியில் விழுந்து வேறொரு மருத்துவமனையில் சேர்த்தால், வயிற்றில் காந்தம் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்குக் கட்டாயம் சொல்லி வையுங்கள். பர்ஸில் ஒரு குறிப்பும் இருக்கட்டும். "வலியே இல்லை, போயிருக்கும்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எக்ஸ்ரேயில் காந்தம் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்ய வேண்டும். காய்ச்சல், வாந்தி, விடாத வயிற்றுவலி வந்தால் வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

எடை விஷயத்திலும் அவசரம் வேண்டாம். இந்த முறையில் பழைய வழியை அடைப்பதில்லை. உணவு இரண்டு பக்கமும் போகிறது. அதனால் முழு பைபாஸ் செய்துகொண்ட உறவினரோடு கிலோ கணக்கை ஒப்பிடுவது சரியில்லை. சர்க்கரை நோயாளிகள் மாத்திரையையோ இன்சுலினையோ தாங்களே நிறுத்தவும் கூடாது, பழைய அளவிலேயே ஓட்டவும் கூடாது. அளவு குறைக்கப்படாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அப்புறம், முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சாப்பிடுகிறோமே என்று வைட்டமின் மாத்திரையை விடுவது. இரும்பையும் கால்சியத்தையும் நன்றாக உறிஞ்சுவது சிறுகுடலின் முற்பகுதி. அதன் பெரும்பகுதியைத் தொடாமல் உணவின் ஒரு பங்கு குறுக்கே போய்விடுகிறது என்பதால், மாத்திரையோடு ரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, விழுங்கிய காந்தம் எதுவானாலும் தானாக வெளியே வந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. குழந்தைகள் விளையாட்டுக் காந்த உருண்டைகளை விழுங்கும்போதும் குடல் இதேபோல நெரிபடும். எந்த இடத்தில் என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை, குடல் ஓட்டையாகிவிடலாம். ஒன்றுக்கு மேல் விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.