மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள்: கர்ப்பிணிகளிடம் ரத்தசோகை பற்றிப் பேசும் விதம்

கர்ப்பிணியின் வீட்டுக்குள் நுழைந்ததும் அறிவுரையை ஆரம்பிக்காதீர்கள். ரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கி எண்ணுங்கள். பத்து நாளைக்கு முன் கொடுத்த பத்தில் ஏழு மிச்சமா? "ஏன் சாப்பிடல?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார். "மாத்திரை போட்டா வயித்துக்கு என்னம்மா பண்ணுது?" என்று கேளுங்கள். குமட்டல், மலச்சிக்கல், கறுப்பாக மலம் போவது எல்லாம் வெளியே வரும்.

குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடச் சொல்லுங்கள். உடம்பில் சேராத இரும்பு வெளியேறுவதால்தான் மலம் கறுக்கிறது. இதை முதல் அட்டை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், பயந்தபின் சொன்னால் எடுபடாது. "குழந்தை கறுப்பாப் பொறக்கும்" என்பது சுத்தப் பொய். மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்தே அதைச் சொல்லுங்கள்.

நான்காம் மாதம் தொடங்கி தினம் ஒரு மாத்திரை, 180 நாள். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் உண்டு, பலரும் விட்டுவிடுவது இதைத்தான். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. மருத்துவர் சொன்னால் தினம் இரண்டு. 7க்குக் கீழே என்றால் மாத்திரையை நம்பி இருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே ஒரு முறை. குடலில் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் எவ்வளவு இரும்பு கொடுத்தும் நிற்காது.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் எதோடு போடுகிறார் என்று பாருங்கள். டீ, காபி இரும்பைச் சேரவிடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டாம். கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி. இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிடுகிறவர்கள் நிறைய. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

பீட்ரூட்டின் சிவப்பு வெறும் நிறம்தான், அதை நம்பிக் காசைச் செலவழிக்க வேண்டாம். முளைகட்டிய பயறு, கொள்ளு, எலுமிச்சை பிழிந்த முருங்கைக்கீரைப் பொரியல் போதும். அசைவம் சாப்பிடுகிறவருக்கு ஆட்டுச் சுவரொட்டியை (மண்ணீரலை) நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். ஆனால் ரத்தசோகை வந்தபின் சாப்பாடு மட்டும் ஈடுகொடுக்காது.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். ஒரு கிராம்கூட ஏறாவிட்டால் முதலில் அட்டை எண்ணிக்கை. எண்ணிக்கை சரியாக இருந்தால் வைட்டமின் பி12 குறைவோ, பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவோ இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்புங்கள்.