டெகோ நிறுத்தத்துக்கு ஜான் லைன்: தேர்வும் கட்டும் முறையும்

ஆழத்தில் முக்குளித்துவிட்டு ஏறும்போது, உடலில் கரைந்த வாயு மெல்ல வெளியேற வழியில் நின்று நின்று வருவதுதான் டெகோ (decompression). நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்யும்போது இரண்டு தொல்லைகள் வரும். அலையில் படகின் அணியம் (முன்பகுதி) ஏறி இறங்க, கயிறும் ஏறி இறங்கும். பிடித்திருக்கும் கை அதோடு போகும். நீரோட்டம் பலமாக இருந்தால், கொடியில் காற்றுக்குப் படபடக்கும் துணி மாதிரி ஆள் இழுபட்டுக் கிடப்பார். 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கலாம். 6 மீட்டரில் அரை மணி நேரம் என்றால் தோள்பட்டை விட்டுப்போகும்.

அமெரிக்க வடகிழக்குக் கரையில் மூழ்கிய கப்பல்களுக்கு இறங்குகிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் பதில்தான் ஜான் லைன். அந்தக் கரையின் முக்குளிப்பாளர் ஜான் ஹல்பர்ட் பெயரால் வழங்குவது. ஒரு முனை நங்கூரக் கயிற்றில், மறுமுனை உங்களிடம். நடுவே 2 மீட்டர் பட்டை. 1956இல் மூழ்கிய ஆண்ட்ரியா டோரியா போல 70 மீட்டருக்கும் கீழே கிடக்கும் கப்பலுக்குப் போய்வருகிறவர்களுக்கு இது இல்லாமல் டெகோ பெரும்பாடு. வட கரோலினா பக்கம் யு-352 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி போன்ற சிதைவுகளில் வளைகுடா நீரோட்டம் (Gulf Stream) திரும்பி வீசினாலும் அதே கதைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜான் லைன் உங்களை இடத்தில் நிறுத்தும், ஆழத்தில் நிறுத்தாது. ஆழம் உங்கள் மிதவைச் சமநிலையின் வேலை. எடை கூடுதலாக வைத்துக்கொண்டு பட்டையில் தொங்கினால், கயிறு ஆடுகிற ஆட்டம் அப்படியே உங்களுக்கு வரும். 6 மீட்டரில் தூய ஆக்சிஜன் சுவாசிக்கும்போது அதன் பகுதி அழுத்தம் 1.6 பார், பாதுகாப்புக்கு அதுவே மேல்வரம்பு. அலை உங்களை 7.5 மீட்டருக்கு இழுத்தால் 1.75 பார் ஆகிவிடும்.

நீளத்தை ஏன் 2 மீட்டர் என்கிறோம்? கட்டிய இடம் அலையில் 75 செ.மீ. மேலும் கீழும் போகிறது, நீங்கள் அதே ஆழத்தில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். 2 மீட்டர் பட்டை உங்களைக் கயிற்றை நோக்கி ஏறக்குறைய 15 செ.மீ. இழுக்கும். 1 மீட்டர் பட்டை 35 செ.மீ. இழுக்கும்; ஒவ்வொரு அலைக்கும் ஒரு வெட்டு. கடல் கொந்தளிக்கும் இடங்களுக்கு 3 மீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் போனால் பக்கத்தில் நிற்பவரின் பட்டையிலும் உங்கள் டெகோ சிலிண்டரிலும்தான் போய்ச் சிக்கும்.

பட்டைக்கு 25 மி.மீ. குழல் வகை நைலான் வெப்பிங் (நெய்த நாடா) நல்லது. கையை அறுக்காது, கொஞ்சம் இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், தண்ணீரில் மிதக்காது. பாலிப்ரொப்பிலீன் மிதந்து முகத்துக்கு முன்னால் சுருளும். மெல்லிய கயிறு கையுறைக்குள் அகப்படாது. பஞ்ஜி ரப்பரைச் சிலர் விரும்புகிறார்கள், நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பலமான நீரோட்டத்தில் அது முழுதாக இழுபட்டே நிற்கும், அவிழ்த்த நொடியில் கொக்கியோடு முகக்கண்ணாடிக்குப் பாயும்.

கொக்கி இரண்டுமே 316 ஸ்டெயின்லெஸ் போல்ட் ஸ்னாப், அதாவது குமிழை இழுத்தால் திறக்கும் கொக்கி. கயிற்று முனைக்குப் பெரியது, குமிழைத் தடித்த கையுறையோடு இழுக்க முடிகிற அளவில். மலையேறிகளின் காரபைனர் வேண்டவே வேண்டாம். அதன் கதவு உள்நோக்கித் திறப்பதால், உரசிப்போகும் எந்தக் கயிறும் உங்களுக்குத் தெரியாமலே உள்ளே புகுந்துவிடும்.

செய்முறை எளிது. 3.5 மீட்டர் வெப்பிங் வெட்டி, இரு முனைகளையும் தீயில் உருக்கி அடைத்துவிடுங்கள். ஒரு முனையில் 5 செ.மீ. கண்ணி, மறுமுனையில் கை நுழையும் 15 செ.மீ. கண்ணி. பட்டையை இரட்டையாக மடித்துச் சாதாரண முடிச்சாகப் போட்டால் போதும். மீதி வால் 8 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஆள் எடையில் இழுத்து முடிச்சை இறுக்குங்கள். முடிச்சும் கண்ணியும் தின்றது போக ஏறக்குறைய 2.5 மீட்டர் மிஞ்சும். பெரிய கொக்கி சின்னக் கண்ணிக்கு, சிறிய கொக்கி கைக்கண்ணிக்கு. இரண்டாவதை 2 மி.மீ. பின்னல் நைலான் நூலால்தான் கட்ட வேண்டும். உலோகத்தோடு உலோகம் கோத்துவிட்டால், கொக்கி இறுகிப்போன நேரத்தில் கத்தியால் வெட்ட எதுவும் இருக்காது.

இனி நங்கூரக் கயிற்றில் மாட்டுவது. பலர் கோட்டைவிடும் இடம் இது. படகு நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் நிற்பதால் கயிறு சாய்ந்திருக்கும். நீரோட்டம் உங்களையும் அதே பக்கம் தள்ளும். கொக்கியைச் சும்மா கயிற்றைச் சுற்றி மாட்டினால், சரிவில் வழுக்கி மேலே போகும். நிறுத்தம் முடியும் முன்பே உங்களையும் கூட்டிப்போகும். எனவே பட்டையைக் கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றி, கொக்கியைப் பட்டையிலேயே மாட்டுங்கள். இழுவை கூடக் கூட பிடியும் இறுகும். 32 மி.மீ. கயிற்றில் ஒரு சுற்றுக்கு 10 செ.மீ. போகும், அரை மீட்டர் கூடுதலாக வைத்தது இதற்குத்தான்.

உடலில் எங்கே? இடுப்புப் பக்கத்து டி-வளையத்தில் மாட்டினால் உடல் குறுக்காகத் திரும்பி முழு அகலத்தையும் நீரோட்டத்துக்குக் காட்டும். கால்களுக்கிடைப் பட்டையின் முன்வளையம் சரியான இடம். தலை நீரோட்டத்தை நோக்கி, உடல் மட்டமாக நிற்கும். நீரோட்டம் கடுமையாக இருந்தால் கொக்கியை மாட்டாமல், கைக்கண்ணியை வளையத்துக்குள் விட்டுத் திருப்பிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் பட்டை உருவிக்கொண்டு போய்விடும். இழுவையில் இருக்கும் போல்ட் ஸ்னாப்பைத் திறப்பது லேசான காரியமில்லை.

9 மீட்டரிலிருந்து 6க்கு மாறும்போது முதலில் ஒரு கையால் நங்கூரக் கயிற்றைப் பிடியுங்கள், பிறகு கொக்கியை எடுங்கள். வரிசை மாறினால் நீரோட்டம் கொண்டுபோய்விடும். உங்களுக்கு முன்பே வந்தவரின் சுற்றுக்கு மேல் உங்கள் சுற்று விழக் கூடாது. கோடையில் வடக்கு அட்லாண்டிக்கில் சொறிமீன் இழைகள் கயிற்றில் ஒட்டியிருக்கும், கையுறையைக் கழற்றாதீர்கள்.

நீரோட்டம் சட்டென்று நின்றது போலத் தோன்றினால் நங்கூரம் பிடிவிட்டிருக்கலாம். படகும் கயிறும் நீங்களும் ஒன்றாக மிதந்து போகிறீர்கள். கயிற்றிலேயே இருந்து டெகோவை முடியுங்கள், படகு தலைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் கயிறு தளர்ந்து, ஆழமானி கீழ்நோக்கி ஓடத் தொடங்கினால் அணியத்தில் அறுந்துவிட்டது என்று பொருள். உடனே விடுங்கள், விடவில்லை என்றால் வெட்டுங்கள். காற்று நிரப்பிய அடையாள மிதவையை (SMB) மேலே அனுப்பி, அதன் கீழே டெகோவைத் தொடருங்கள்.