அசெட்டிக் அமிலத்தை உறையவைத்துச் சுத்திகரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூய அசெட்டிக் அமிலம் 16.6 டிகிரி செல்சியஸில் உறையும். 1 சதவீதம் நீர் கலந்தாலே உறைநிலை ஏறக்குறைய 2 டிகிரி இறங்கிவிடும். வளரும் படிகம் நீரை ஏற்காது. அது மிஞ்சும் திரவத்தில்தான் சேரும். ஆகவே அந்தத் திரவத்தை வடித்தெடுப்பதில்தான் சுத்திகரிப்பே இருக்கிறது.

பலரும் இங்கே அவசரப்படுகிறார்கள். ஐஸும் உப்பும் கலந்த தொட்டியில் பாட்டிலை இறக்கினால் படிகங்கள் நெருக்கமாக வளர்ந்து, அழுக்குத் திரவத்தை இடுக்குகளில் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுதும் கட்டியாக விட்டால் வடிக்க ஒன்றுமிருக்காது, உருக்கினால் கிடைப்பது பழைய அமிலம்தான். 10 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, மெல்லக் கலக்கிக்கொண்டே குளிரவிடுங்கள்.

விதைப் படிகம், அதாவது உறைதலைத் தொடங்கிவைக்கும் சிறு துணுக்கு, போடாவிட்டால், அமிலம் 10 டிகிரி வரை இறங்கியும் உறையாமல் இருந்து, திடீரென ஒரேயடியாகப் படிகமாகும். விளைவு மேலே சொன்னதுதான். சில மில்லிலிட்டரைச் சோதனைக்குழாயில் தனியே ஐஸில் உறையவைத்து, அதிலிருந்து ஒரு துணுக்கைப் போடுங்கள். 99 சதவீத அமிலமானால் 14 டிகிரியில் போட வேண்டும். அதற்கு முன்பே போட்டால் கரைந்துவிடும்.

எப்போது நிறுத்துவது? வெப்பமானியே சொல்லும். அதே 99 சதவீத அமிலத்தில் பாதி உறைந்தபோது திரவம் 13 டிகிரியை ஒட்டியும், மூன்றில் இரண்டு பங்கு உறைந்தபோது 12 டிகிரியை ஒட்டியும் நிற்கும். அங்கே நிறுத்தி வடித்துவிடுங்கள். பிறகு பாட்டிலைக் கவிழ்த்துவைத்து, படிகத்தில் பத்தில் ஒரு பங்கு உருகி வழியவிடுங்கள். படிகத்தின் மேல் ஒட்டிய திரவத்தை அது கழுவிக்கொண்டு போகும். வீணாகிறதே என்று இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

வெற்றிட வடிகட்டல் வேண்டாம். குளிர்ந்த படிகங்களின் வழியே ஈரக்காற்றை இழுத்தால், நீக்கிய நீர் திரும்ப வந்துசேரும். கடலோர ஊர்களில் இன்னும் மோசம். பாட்டில் அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும்.

உருக்க 30 டிகிரித் தண்ணீர் போதும். தீப்பற்றுநிலை 39 டிகிரி அளவில் என்பதால் அடுப்பு, பர்னர் எதுவும் அருகில் கூடாது. பியூட்டைல் ரப்பர் கையுறையும், ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகப் புகைக்கூண்டும் கட்டாயம். முழுதும் உருகிக் கலந்த பிறகே மாதிரி எடுங்கள். பாதி உருகிய பாட்டிலில் மேலே நிற்பது நீர் மிகுந்த பகுதி. உறைநிலை 16 டிகிரியைத் தாண்டவில்லையென்றால் இன்னொரு முறை செய்யுங்கள்.

எல்லா அசுத்தமும் இப்படிப் போய்விடாது. எடுத்துக்காட்டாக, பென்சீனை இதே முறையில் உறையவைத்தால், அதில் அசுத்தமாக இருக்கும் தயோஃபீன் அதனுடன் சேர்ந்தே படிகமாகும். அதற்கு முதலில் அடர் கந்தக அமிலத்தால் கழுவுவதுதான் வழி.