காத்துல ஆறின ஈஎன்24 ஸ்டீல மைக்ரோஸ்கோப்ல பாக்குறது எப்படி

850 டிகிரிக்கு சூடு பண்ணி காத்துல ஆறவிட்ட ஈஎன்24ல பெர்லைட் (ஸ்டீல் மெதுவா ஆறினா வர்ற அடுக்கடுக்கான ஸ்ட்ரக்சர்) இருக்கும்னு தேடாதீங்க, நிக்கல் குரோமியம் மாலிப்டினம் மூணும் சேந்து அத தள்ளிப்போட்டுடும், பெரும்பாலும் அதவிட வேகமா ஆறினா வர்ற பெய்னைட்டும், இன்னும் வேகமா ஆறினா வர்ற ரொம்ப கடினமான மார்ட்டென்சைட்டும் கலந்துதான் கெடைக்கும்.

தண்ணி விட்டுக்கிட்டே வெட்டுங்க, சூடாச்சுன்னா ஸ்ட்ரக்சரே மாறிடும். எமரி பேப்பர் 220லேந்து 1200 வரைக்கும், ஒவ்வொண்ணுக்கும் பீஸ 90 டிகிரி திருப்பி, பழைய கோடு முழுசா போனப்புறம்தான் அடுத்தது (இங்கதான் எல்லாரும் அவசரப்படுறோம்). அப்புறம் டயமண்ட் பேஸ்ட் பாலிஷ். எட்சிங்குக்கு (ஸ்ட்ரக்சர் தெரியறதுக்காக மேல்பரப்ப ஆசிட்ல லேசா அரிக்க விடுறது) 2% நைட்டால், 98 மில்லி எத்தனால்ல 2 மில்லி நைட்ரிக் ஆசிட், ஆசிடத்தான் ஆல்கஹால்ல ஊத்தணும், கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு கிளவுஸும் கட்டாயம். பளபளப்பு மங்கினதும் உடனே கழுவிடுங்க.

500 மடங்குல கருப்பா ஊசிக் கத்தை மாதிரி தெரியறது பெய்னைட், வெளுப்பா இருக்குறது டெம்பர் ஆகாத (மறுபடி சூடு பண்ணி பதப்படுத்தாத) மார்ட்டென்சைட். டவுட்டா இருந்தா மைக்ரோ ஹார்ட்னஸ் (சின்ன இடத்துல கடினத்த அளக்குற டெஸ்ட்) போடுங்க, மார்ட்டென்சைட்டுதான் கூட காட்டும்.